குறுக்குவில்லுக்கு விரியும் அம்புமுனை: வெண்வால் மான் வேட்டைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

இலையுதிர் (ஒகாயோ)

வணக்கம் நண்பர்களே. பல ஆண்டுகளாகக் கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லோடுதான் காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். தோள்பட்டைச் சிகிச்சைக்குப் பிறகு நாண் இழுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் இந்த ஆண்டு குறுக்குவில்லுக்கு மாறுகிறேன். விநாடிக்கு 400 அடி வேகம். முனையோடு சேர்த்து அம்பின் எடை 400 கிரெய்ன் (சுமார் 26 கிராம்), அதில் முனை மட்டும் 100 கிரெய்ன். பரணில் அமர்ந்து 20 முதல் 30 கெஜத்துக்குள் எய்வதுதான் என் வழக்கம்.

விரியும் முனை, அதாவது மூடியபடி பறந்து, மானில் படும்போது அலகுகள் (வெட்டும் தகடுகள்) விரியும் முனை, வாங்க நினைக்கிறேன். கடைக்காரர் இரண்டு அங்குலம் வெட்டும் இரண்டு அலகு முனையைக் கையில் கொடுத்து, பெரிய துளைதான் நல்ல துளை என்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் மூன்று அலகு, ஒன்றரை அங்குலம் போதும் என்கிறார். ஒகாயோவில் விரியும் முனைக்குத் தடை இல்லை. முக்கால் அங்குல அகலமும் குறைந்தது இரண்டு வெட்டுவிளிம்புகளும் இருந்தால் சட்டத்துக்குப் போதும். ஆகவே சட்டம் எனக்குப் பிரச்சினை இல்லை. எதை நம்புவது என்பதுதான் கேள்வி.

பரண்காவல் (பென்சில்வேனியா)

நண்பரே, கடைக்காரரும் பக்கத்து நிலத்துக்காரரும் அகலத்தைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார்கள். குறுக்குவில்லுக்கு முதல் கேள்வி அகலம் அல்ல. முனை மானைத் தொடும்வரை மூடியே இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

கணக்கைப் பாருங்கள். அம்பின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240 ஆல் வகுத்தால் அடி-பவுண்டில் ஆற்றல் கிடைக்கும். உங்கள் அம்புக்கு அது ஏறத்தாழ 142. அதே 400 கிரெய்ன் அம்பை 280 அடி வேகத்தில் விடும் காம்பவுண்ட் வில்லுக்கு 70 கூட வராது. விரியும் முனை ஆற்றலைத் தின்றுவிடும், ஊடுருவாமல் நின்றுவிடும் என்று நாம் காலங்காலமாகக் கேட்டுவந்த எச்சரிக்கையெல்லாம் அந்த 60, 70 அடி-பவுண்டு வில்களுக்காகச் சொன்னவை. உங்களிடம் அதைப் போல இரு மடங்கு இருக்கிறது. இரண்டு அங்குல முனையைத் திறக்கவும் விலாவைத் தாண்டவும் அது தாராளம்.

ஆனால் அந்த வேகம் எங்கிருந்து வருகிறது? காம்பவுண்ட் வில்லில் நாண் சுமார் 20 அங்குலம் தள்ளி அம்பை விடுகிறது. குறுக்குவில்லில் ஓர் அடி, கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஓர் அடித் தூரத்துக்குள் பூச்சியத்திலிருந்து 400 அடி வேகத்துக்குப் போக வேண்டுமானால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 2,400 மடங்குக்கு மேல் முடுக்கம் வேண்டும். நான் சொன்ன காம்பவுண்ட் வில்லில் அது 700 மடங்கு அளவுதான். மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். பின்னோக்கிச் சறுக்கி விரியும் முனையில் அலகுகள் எந்தத் திசையில் தள்ளப்பட்டால் திறக்குமோ, அதே திசையில்தான் நாண் விடுபடும் கணத்தில் அவை தள்ளப்படுகின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிளாஸ்டிக் காலரோ ரப்பர் வளையமோதான்.

வழியில் ஓர் அலகு திறந்துகொண்டால் அம்பு 30 கெஜத்தில் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் ரேஜ் போன்ற நிறுவனங்கள் குறுக்குவில்லுக்கென்று தனிக் காலரோடு தனி வகை விற்கின்றன. பெட்டியில் குறுக்குவில்லுக்கு உரியது என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். காம்பவுண்ட் வகை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கரும்பாறை (மிச்சிகன்)

இத்தனை கணக்குக்குப் பிறகும் விரியும் முனையையே ஏன் பரிந்துரைக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. திறக்குமா, வழியிலேயே திறந்துவிடுமா என்ற கவலையே இல்லாத முனை இருக்கிறது. நிலையான அலகு, அதாவது மடங்காமல் எப்போதும் விரிந்தே நிற்பது. ஸ்லிக் டிரிக் நான்கு அலகு, முசி டிரோகார் மூன்று அலகு, இரண்டுமே குட்டையான உடல் கொண்டவை. நான் 390 அடி வேக வில்லில் இவற்றைத்தான் பயன்படுத்துகிறேன்.

வெட்டின் மொத்த நீளத்தைப் பாருங்கள். இரண்டு அலகு, இரண்டு அங்குலம் என்றால் மொத்த வெட்டு இரண்டு அங்குலம். நான்கு அலகு, ஓர் அங்குலம் என்றால் அரை அங்குலம் வீதம் நான்கு, அதுவும் இரண்டு அங்குலம்தான். மூன்று அலகு, ஒன்றரை அங்குலம் என்றால் இரண்டேகால். உங்கள் பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதுதான் மூன்றில் அதிகம் வெட்டுகிறது! விளம்பரத்தில் அகலத்தைப் போடுகிறார்கள், மொத்த வெட்டைப் போடுவதில்லை.

இலையுதிர்

கரும்பாறை ஐயா, மொத்த வெட்டுக் கணக்கை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. நிலையான முனையையும் எய்து பார்த்தேன். 20 கெஜத்தில், அலகில்லாத பயிற்சி முனை விழும் இடத்தை ஒட்டியே விழுகிறது. 40 கெஜத்தில் ஐந்து அங்குலம் வரை விலகிப் போகிறது. எல்லா அம்புகளும் ஒரே பக்கம் போனாலாவது பார்வைக்கருவியைத் திருத்திக்கொள்ளலாம். அம்புக்கு அம்பு மாறுகிறது.

கரும்பாறை

அம்புக்கு அம்பு மாறினால் அது முனையின் குற்றம் இல்லை, அம்பின் குற்றம். ஒவ்வோர் அம்பையும் சுழற்றிப் பாருங்கள். முனையின் நுனி தள்ளாடினால், முனையைத் திருகி மாட்டும் உட்செருகி கோணலாக ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். தள்ளாடும் அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். அப்படிப்பட்ட அம்பில் விரியும் முனை போட்டாலும் நேராகப் போகாது. பிழை சிறியதாகத் தெரியும், அவ்வளவுதான்.

பரண்காவல்

இதில் கரும்பாறையோடு முழுமையாக ஒத்துப்போகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். நிலையான அலகுகள் அம்பின் முன்பக்கத்தில் இறகுகள் போலக் காற்றைப் பிடிக்கின்றன. வேகம் கூடக்கூடச் சின்னஞ்சிறு கோணலையும் அவை பெரிதாக்கிவிடும். காம்பவுண்ட் வில்லில் அம்பு அமரும் இடத்தை நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். பெரும்பாலான குறுக்குவில்களில் அந்த வசதி கிடையாது. மூடிய நிலையில் பறக்கும் முனைக்கு இந்தச் சிக்கல் குறைவு. நான் விரியும் முனையை விரும்புவதற்குக் காரணம் பெரிய துளை அல்ல. அம்பு குறித்த இடத்தில் போய் விழுவதுதான்.

ஆய்வு ஒன்றும் உண்டு. மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் கடற்படைத் தளம் இருக்கிறது. அங்கே தேர்ச்சி பெற்ற வேட்டைக்காரர்கள் மட்டுமே அனுமதிக்கப்படுவார்கள்; எய்த ஒவ்வோர் அம்பையும் பதிவு செய்ய வேண்டும். 1989 முதல் 2006 வரை 908 மான்கள் மீது அம்பு பட்டது, 746 கிடைத்தன. அதாவது 18 சதவீதம் கிடைக்கவில்லை. காம்பவுண்ட் வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. பிறகு விரியும் முனைகளை அனுமதித்தபோது, அவற்றால் பட்ட மான்களில் சுமார் 91 சதவீதம் கிடைத்தன. நிலையான முனைக்கு 82 சதவீதம்.

கரும்பாறை

அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். மதிக்கத்தக்க வேலை. ஆனால் விரியும் முனைகள் பின்னால் வந்தவை. அதற்குள் வில்களும் தூரமானிகளும் மேம்பட்டுவிட்டன, அதே ஆட்களின் அனுபவமும் கூடியிருக்கும். அந்த ஒன்பது சதவீத வேறுபாடு முழுவதையும் முனையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை.

பரண்காவல்

நியாயமான மறுப்பு. குறைந்தபட்சம், விரியும் முனையால் மான்கள் அதிகம் காயப்பட்டுத் தப்பிக்கின்றன என்ற குற்றச்சாட்டுக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. அந்த அளவுக்காவது ஏற்பீர்களா?

கரும்பாறை

ஏற்கிறேன்.

வடகரை (ஒன்டாரியோ)

அண்ணாமார் பேசுவதெல்லாம் 400 அடி வில்லைப் பற்றி. என்னிடம் இருப்பது எக்ஸ்காலிபர் நிறுவனத்தின் ரீகர்வ் வகைக் குறுக்குவில், விநாடிக்கு 330 அடி. கப்பியும் இல்லை, கம்பியும் இல்லை. நாண் அறுந்தால் காட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். 400 கிரெய்ன் அம்புக்கு 97 அடி-பவுண்டு வருகிறது. எங்கள் மாகாணச் சட்டப்படி முனை 22 மில்லிமீட்டராவது அகலம் இருக்க வேண்டும், வில்லின் இழுவிசை மானுக்கு 45 கிலோவாவது இருக்க வேண்டும்.

இங்கே டிசம்பர்க் குளிரை யோசித்துப் பாருங்கள். ரப்பர் வளையம் குளிரில் இறுகும், பிளாஸ்டிக் காலர் நொறுங்கும் தன்மை அடையும். விடியுமுன்பே போய் அமர்ந்து, மதியம்வரை அம்பு வில்லிலேயே இருக்கிறது. உறைபனியில் காலர் வெடித்து, அலகு பாதி திறந்து நின்ற அம்பை எங்கள் குழுவில் ஒருவர் கண்டுபிடித்துக் கழற்றினார். பார்க்காமல் எய்திருந்தால்? அதனால் அக்டோபரில் விரியும் முனை, பனி இறங்கிய பிறகு நிலையான முனை என்று மாற்றிக்கொள்கிறேன். இரண்டுக்கும் தனித்தனியே பார்வைக்கருவியைச் சரிபார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன்.

வேலியோரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதை இந்தியாவில் இருந்து படிப்பவர்களும் இருப்பார்கள். இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். எந்த வில்லாக இருந்தாலும் குற்றம்தான். இங்கே பேசுவது உரிமமும் பருவமும் உள்ள வட அமெரிக்க மாநிலங்களைப் பற்றி மட்டும் என்று நெறியாளர் சார்பில் குறித்து வைக்கிறேன். தொடருங்கள்.

மான்கறி (விஸ்கான்சின்)

எங்கள் ஊரில் பருவம் தொடங்கினால் மான்களைத் தோலுரித்துப் பிரித்துக் கொடுக்கும் வேலை எனக்கு. மற்றவர்கள் முனையைப் பெட்டியில் பார்க்கிறார்கள், நான் மானுக்குள் அது செய்திருப்பதைப் பார்க்கிறேன். அதனால் சொல்ல நிறைய இருக்கிறது.

குறுக்குவில் அம்புக்கு விலா எலும்பு ஒரு தடையே அல்ல. எந்த முனையானாலும் விலாவை வெட்டிக்கொண்டு போயிருக்கும். தகராறு தோளில்தான். தோள்பட்டையின் தட்டை எலும்பு மெல்லியது, அதையும் குறுக்குவில் அம்பு பெரும்பாலும் தாண்டிவிடும். அதன் கீழே மூட்டும், முன்காலின் மேலெலும்பும் சேரும் இடத்தில் பட்டால் கதை வேறு. அங்கே மெல்லிய அலகுகள் வளைந்தும் உடைந்தும் வருகின்றன. உடைந்த துண்டு இறைச்சிக்குள்ளேயே இருக்கும். கத்தி பிடித்த கையால் நான் அதைத் தேட வேண்டும். தப்பினால் ஒரு குழந்தையின் தட்டுக்குப் போகும். இதற்காகவே கேட்டுக்கொள்கிறேன், அலகின் தடிப்பைப் பார்த்து வாங்குங்கள். 0.035 அங்குலமும் அதற்கு மேலும் உள்ளவை நன்றாகத் தாங்குகின்றன. அகலமான அலகு நீளமான நெம்புகோல். அதே தடிப்பில் அகலம் கூடினால் உடையும் வாய்ப்பும் கூடும். இரண்டரை அங்குல முனைகளை என் மேசையில் நான் விரும்புவதே இல்லை.

இன்னொன்று, அம்பு மறுபக்கம் வெளியேறியதா என்பது. பரணிலிருந்து எய்தால் நுழையும் துளை விலாவின் மேற்பாதியில் இருக்கும். வெளியேறும் துளை கீழே இருக்கும். கீழ்த்துளை இல்லாவிட்டால் இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கி நிற்கும், தரையில் சொட்டே விழாது. இரண்டு நுரையீரலிலும் பட்ட மான் பெரும்பாலும் நூறு கெஜத்துக்குள் விழுந்துவிடும். ஆனால் சோளக்காட்டுக்குள் நூறு கெஜம் தடமில்லாமல் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் கீழ்த்துளையின் அருமை. ஆகவே என் தேர்வு எளிது: மறுபக்கம் கட்டாயம் வெளியேறும் முனைகளில் அகலமானது. பெரும்பாலான வில்களுக்கு அது ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் அங்குலம் வரை.

முனை எதுவானாலும் இடம் தவறிப் பட்டால் காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி போதும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், நான்கு முதல் ஆறு மணி நேரம் விட்டுவிடுங்கள். பச்சை நிறமும் இரைப்பையின் நாற்றமும் அம்பில் இருந்தால் எட்டு மணிக்கும் குறையாமல் காத்திருக்க வேண்டும், பன்னிரண்டு என்றாலும் சரி. உடனே பின்தொடர்ந்து விரட்டினால் அந்த மான் எழுந்து அடுத்த ஊருக்குப் போய்விடும். பெரிய முனை போட்டிருக்கிறேன், எங்கே பட்டாலும் விழும் என்று சொல்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். அந்த எண்ணத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அது மானுக்குச் செய்யும் அநியாயம்.

இலையுதிர்

மான்கறி அக்கா, உங்கள் பதிவை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். கோணம் பற்றி ஒரு கேள்வி. மான் பின்புறத்தைக் கொஞ்சம் காட்டிச் சாய்வாக நிற்கும்போது, முன்விரிவும் பின்விரிவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா?

கரும்பாறை

இல்லை. முன்விரிவில், அதாவது ஸ்பிட்ஃபயர், ஜாக்ஹாமர் போன்றவற்றில், அலகின் முனை முன்னோக்கி மடிந்திருக்கும். தோலில் இடித்து, காற்றில் குடை பின்னால் புரள்வது போலத் திரும்பித் திறக்கும். சாய்கோணத்தில் ஒரு பக்க அலகு முதலில் தோலைத் தொடும், அது அம்பின் தலையைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். கோணம் மிகக் கூர்மையானால் விலாவின் மேலேயே வழுக்கிப் போகவும் கூடும். பின்விரிவில் நுனி உள்ளே போன பிறகுதான் அலகு பின்னால் சறுக்குகிறது. தலை திரும்புவது குறைவு. நுழையும் துளையே முழு அகலத்தில் இருக்கும் என்பதும் அதன் நன்மை.

ஸ்வாக்கர் என்ற முனை வேறு மாதிரி. சிறிய சிறகு அலகுகள் தோலையும் விலாவையும் வெட்டும், பெரிய அலகுகள் உள்ளே போய் விரியும். உள்ளே கூர்மை குறையாமல் வெட்டுவது நல்லது. நுழைதுளை சிறியதாக இருப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

நான் நிலையான முனைக்காரன்தான். ஆனாலும் விரியும் முனை வாங்கியே தீருவேன் என்பவருக்குப் பின்விரிவைத்தான் சொல்வேன்.

பரண்காவல்

கோணம் பற்றி இன்னும் ஒரு சொல். மான் உங்களைப் பார்த்தபடி சாய்ந்து நின்றால் எய்யாதீர்கள். எந்த முனையும் வேண்டாம், காத்திருங்கள்.

வேகம் இருக்கிறது, 50 கெஜத்தில் எய்யலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1,100 அடி போகிறது. 30 கெஜத்தில் வில்லின் சத்தம் 0.08 விநாடியில் மானின் காதுக்குப் போய்விடும். அம்பு போய்ச் சேர 0.22 விநாடிக்கு மேல் ஆகும். இடையில் உள்ள நேரத்தில் விழிப்பாக இருக்கும் மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தத் தொடங்கிவிடும். தூரம் கூடக்கூட அந்த இடைவெளியும் கூடுகிறது. உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். தாழ்ந்தால் நுரையீரல், தாழாவிட்டால் இதயம்.

வடகரை

பயிற்சி பற்றி யாரும் சொல்லவில்லையே. விரியும் முனை பயிற்சி முனையைப் போலவே பறக்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி நேராகக் காட்டுக்குப் போகக் கூடாது. சில பெட்டிகளில் அலகு திறக்காத ஒரு பயிற்சி முனையைச் சேர்த்துத் தருகிறார்கள். செவர் முனைகளில் ஒரு சிறு திருகாணியை இறுக்கினால் அலகு பூட்டிக்கொள்ளும், வேட்டைக்குப் போகும்போது அதைக் கழற்ற வேண்டும். இந்த இரண்டாவது ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் எய்து பார்த்த அதே முனைதான் மானுக்கும் போகிறது. கழற்ற மறக்காமல் இருக்க, திருகாணிகளை ஒரு சிறு டப்பாவில் போட்டு எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

பரண்காவல்

மூடியே பறக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய சோதனை: பழைய முனை ஒன்றைத் தியாகம் செய்ய மனமிருந்தால், புதுக் காலர் போட்டு, இலக்குப் பஞ்சுக்கு நான்கு அடி முன்னால் ஒரு செய்தித்தாளைச் சட்டத்தில் கட்டி எய்யுங்கள். தாளில் நுனியின் சிறு துளையும் இறகுகளின் கீறலும் மட்டும் இருந்தால் காலர் தன் வேலையைச் செய்திருக்கிறது. நீண்ட வெட்டு விழுந்திருந்தால் அந்தக் காலரைத் தூக்கிப் போடுங்கள். பின்விரிவு முனைக்கு இது நம்பகமான சோதனை; தாளின் மெல்லிய தடை அதைத் திறக்காது. முன்விரிவில் தாளே அலகைத் தட்டக்கூடும்.

காலர் ஒரு முறைக்குத்தான். அம்பறாத்தூணியிலிருந்து எடுக்கும்போதும் வைக்கும்போதும் அலகு நுரையில் சிக்கிக் காலர் தளரும். ஒவ்வொரு நாளும் அம்பை வில்லில் வைக்குமுன் விரலால் அல்ல, கண்ணால் பாருங்கள்.

மான்கறி

மாலையில் எய்யாமல் இறங்குபவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். நாணைத் தளர்த்தும் வசதி இல்லாத வில்லென்றால், வேட்டை முனையைக் கழற்றிப் பயிற்சி முனை போட்ட அம்பை இலக்குப் பையில் எய்துதான் வில்லை இறக்க வேண்டும். அம்பில்லாமல் விடக் கூடாது, வில் சிதறிவிடும். பரணில் இருந்து இறங்கும்போது அம்பு வில்லில் இருக்கவே கூடாது. விரியும் முனை மூடியிருக்கிறது என்று நம்பிச் சட்டைப்பையில் போடுபவர்களும் உண்டு. உறை போட்டு வையுங்கள்.

இலையுதிர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு அலகு, ஒன்றேமுக்கால் அங்குலம், பின்விரிவு, 0.035 தடிப்பு, குறுக்குவில்லுக்கான காலர் என்று முடிவு செய்திருக்கிறேன். அம்புகளைச் சுழற்றிப் பார்த்ததில் தள்ளாடியவற்றை ஒதுக்கிவிட்டேன்; மீதமுள்ளவற்றில் கரும்பாறை ஐயா சொன்ன நான்கு அலகு முனைகூட 40 கெஜத்தில் ஒன்றாக விழுகிறது. அதனால் குளிர்காலத்துக்கு அதை வைத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: 100 கிரெய்னுக்குப் பதில் 125 வாங்கினால் நல்லதா?

கரும்பாறை

நல்லதுதான். மொத்தம் 425 கிரெய்ன் ஆகும், வேகம் 388, 390 அடி அளவுக்கு இறங்கும். ஆற்றல் குறையாது, உந்தம் கொஞ்சம் கூடும், முன்பக்க எடை கூடுவதால் பறப்பும் நிதானப்படும். ஆனால் பார்வைக்கருவியை மறுபடி முழுவதும் சரிசெய்ய வேண்டும். உங்கள் வில்லின் கையேட்டில் அம்பின் குறைந்தபட்ச எடை போட்டிருப்பார்கள். அதற்குக் கீழே மட்டும் போகாதீர்கள். இலக்கில் எய்த பிறகு அம்புகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று இங்கேயே எழுதுங்கள்.